அரசு மானியத்துக்கும் பெரிய கம்பெனிக்கும் நடுவில்: அமெரிக்கக் கிராமத்தில் சின்ன வயர்லெஸ் இணைய நிறுவனம் தொடங்குபவருக்கு

அமெரிக்காவில் கேபிளும் ஃபைபரும் எட்டாத பண்ணை வீடுகளுக்கு, தானியக் களஞ்சியத்தின் உச்சியிலோ ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேலோ ஆண்டெனா வைத்து இணையம் கொடுக்கும் சின்னச் சின்ன நிறுவனங்கள் நிறைய உண்டு. விஸ்ப் என்று சொல்வார்கள். வயோமிங் மாநிலம் லாரமியில் 1992இல் தொடங்கிய லாரியட் இதில் மூத்த தலைமுறை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வங்கியில் கொஞ்சம் கடன் வாங்கி, இன்றைக்கும் இந்தத் தொழிலைத் தொடங்கலாம். ரேடியோ (இணைய சிக்னலை அனுப்பி வாங்கும் கருவி) விலை இறங்கியிருக்கிறது, தொழில்நுட்பம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் சொந்தக் காசில் கட்டிய பகுதிக்கு ஒருநாள் வேறொருவர் அரசுக் காசில் ஃபைபர் கொண்டுவருவார், அல்லது ஒரு மொபைல் கம்பெனி தன் டவரிலேயே வீட்டு இணையம் விற்க ஆரம்பிக்கும். இதைத் தடுப்பது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. ஆனால் யார், எந்த வீடுகளுக்கு, எப்போது வருவார் என்பதை ஓரளவு முன்கூட்டியே பார்த்துவிட முடியும். அதற்குள் போட்ட பணத்தை எடுத்துவிடவும் முடியும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றித்தான், ரேடியோ பாடம் வேண்டுமென்றால் அது வேறு கட்டுரை.

முதல் படி: டவரைப் பார்க்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

எஃப்சிசி என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2022 நவம்பரில் புதிய தேசிய பிராட்பேண்ட் வரைபடத்தை வெளியிட்டது. அதற்கு முன்பு கணக்கு சென்சஸ் பிளாக் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சின்னப் பகுதி) அளவில்தான்: ஒரு பிளாக்கில் ஒரே ஒரு வீட்டுக்கு இணையம் கொடுக்க முடிந்தாலும் முழுப் பிளாக்கும் சேவை பெற்றதாக எழுதிக்கொள்வார்கள், கிராமப்புறத்தில் ஒரு பிளாக் என்பது பல மைல் இருக்கும். இப்போது ஒவ்வொரு கட்டடமும் தனிப் புள்ளி. புள்ளியைத் தட்டினால் அங்கே யார், என்ன தொழில்நுட்பத்தில், என்ன வேகம் தருவதாகச் சொல்கிறார்கள் என்று வரும்.

நீங்கள் போக நினைக்கும் பகுதியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து இந்தப் புள்ளிகளைத் தட்டிப் பாருங்கள். இரண்டு எல்லைக்கோடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மானியச் சட்டத்தின் கண்ணில் 25/3 எம்பிபிஎஸ்கூட (பதிவிறக்க வேகம் 25, பதிவேற்ற வேகம் 3) இல்லாத வீடு 'சேவையே இல்லாதது'. 100/20 கிடைக்காத வீடு 'குறைச் சேவை'. இந்த இரண்டு வகை வீடுகளுக்கும் அரசுப் பணம் போகலாம். 100/20க்கு மேல் நம்பகமான சேவை ஏற்கெனவே இருக்கிறது என்று பதிவானால் அந்த வீடு மானியத்துக்கு வெளியே. எஃப்சிசியே 2024 மார்ச்சில் பிராட்பேண்ட் என்பதன் வரையறையை 25/3இலிருந்து 100/20க்கு உயர்த்திவிட்டது, ஆகவே 25 எம்பிபிஎஸ் பிளானோடு தொழில் தொடங்குவது இப்போது சரிப்படாது.

இந்த வரைபடம் வெறும் தகவல் பலகை இல்லை. நீங்கள் அதில் இல்லையென்றால், மானியம் கொடுக்கும் அதிகாரியைப் பொறுத்தவரை நீங்கள் உலகத்திலேயே இல்லை. இதை ஆறாம் படியில் மறுபடி எடுக்கிறேன்.

இரண்டாம் படி: யாருக்கு அரசுப் பணம் போயிருக்கிறது என்று தேடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், புதியவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

இரண்டு பெரிய திட்டங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலாவது ஆர்டிஓஎஃப் என்ற கிராமப்புற இணைய மானிய ஏலம். எஃப்சிசி நடத்திய இந்த ஏலத்தின் முடிவு 2020 டிசம்பரில் வந்தது: பத்து ஆண்டுகளில் 920 கோடி டாலர், 180 ஏலதாரர்கள், சுமார் 52 லட்சம் இடங்கள். இரண்டாவது, 2021 நவம்பரில் கையெழுத்தான கட்டமைப்புச் சட்டத்தில் வந்த பீட் திட்டம், 4,245 கோடி டாலர். என்டிஐஏ என்ற கூட்டரசு அமைப்பு மேலே இருந்து பார்க்கிறது, பணத்தைப் பங்கிடுவது அந்தந்த மாநிலத்தின் பிராட்பேண்ட் அலுவலகம். இவை தவிர வேளாண்மைத் துறையின் ரீகனெக்ட், மாநில அரசுகளின் சொந்தத் திட்டங்கள் எனச் சில்லறையாகவும் இருக்கும்.

ஒவ்வொன்றிலும் எந்த இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற பட்டியல் பொதுவெளியில் கிடைக்கும். மாநில அலுவலகத்தின் இறுதிப் பட்டியலை இறக்கி, உங்கள் பகுதியோடு ஒப்பிடுங்கள். ஒதுக்கீடு பெற்றவர் ஃபைபர் போடுகிறாரா, வயர்லெஸ்ஸா, செயற்கைக்கோளா என்றும் பாருங்கள், ஏனென்றால் 2025 ஜூனில் என்டிஐஏ விதிகளை மாற்றி ஃபைபருக்கு இருந்த முன்னுரிமையை எடுத்த பிறகு பல இடங்கள் செயற்கைக்கோள் கம்பெனிகளுக்கும் போயின. பக்கத்து வீட்டுக்கு ஃபைபர் வருவதும், கூரையில் ஒரு டிஷ் வருவதும் உங்களுக்கு ஒரே ஆபத்து இல்லை.

அடுத்து, காலம். பீட் பணம் வாங்கியவர் நான்கு ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். ஆர்டிஓஎஃப்பில் மூன்றாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், ஆறாம் ஆண்டு முடிவில் முழுவதும். சட்டம் 2021இல் வந்தும் 2025 நடுவில் மாநிலங்கள் மறுபடி ஒரு சுற்று ஏலம் நடத்திக்கொண்டிருந்தன என்பதைப் பார்த்தால் அரசுப் பணம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று புரியும். உங்களுக்கு வாழ்வு கொடுப்பது இந்தத் தாமதம்தான்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏலத்தில் ஜெயித்தவர் எல்லாம் கட்டிவிடுவதில்லை. ஆர்டிஓஎஃப்பில் மிகப் பெரிய தொகை, ஏறக்குறைய 132 கோடி டாலர், எல்டிடி பிராட்பேண்ட் என்ற நிறுவனத்துக்கு விழுந்தது. அதுவும் வயர்லெஸ்ஸில் வளர்ந்த நிறுவனம்தான். செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஸ்டார்லிங்குக்கு 88 கோடிக்கு மேல். 2022 ஆகஸ்டில் எஃப்சிசி இரண்டு பேருடைய விண்ணப்பத்தையும் நிராகரித்தது. இன்னும் பல ஏலதாரர்கள் தாங்களாகவே பின்வாங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை, 'ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று' என்று மற்றத் திட்டங்களும் அந்த இடங்களைத் தொடவில்லை. அப்படிப்பட்ட பகுதியில் தைரியமாகக் கட்டிய சின்ன நிறுவனத்துக்கு நல்ல அறுவடை. ஆகவே பட்டியலில் வேறொருவர் பெயரைப் பார்த்ததும் பின்வாங்காதீர்கள். அவர் யார், இதற்கு முன் எங்காவது ஃபைபர் போட்டிருக்கிறாரா, கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்தில் சாலையோரம் தோண்ட அனுமதி கேட்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள். கவுண்டி அலுவலகத்தில் ஒரு பத்து நிமிடம் பேசினால், வரைபடத்தில் இல்லாதது பாதி தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: காசு எத்தனை மாதத்தில் திரும்பும்?

ஒவ்வொரு டவரையும் தனிக் கடையாக நினைத்துக் கணக்குப் போடுங்கள். கற்பனை எண்களில் ஓர் உதாரணம்: ஒரு இடத்தில் ரேடியோ, பேட்டரி, மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 12,000 டாலர். ஒரு வாடிக்கையாளரை இணைக்க ரேடியோ, கம்பி, கூலி 350 டாலர். 40 வாடிக்கையாளர் என்றால் 14,000. மொத்தம் 26,000. மாதம் ஆளுக்கு 60 டாலர் வீதம் 2,400 வரும், அதில் இட வாடகை, பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கும் இணையம், பழுதுபார்ப்பு என்று 1,000 போனால் மிச்சம் 1,400. ஏறக்குறைய 19 மாதத்தில் பணம் திரும்பும்.

ஆனால் 40 பேரும் முதல் நாளே வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். முதல் ஆறு மாதம் 15 பேர்தான் என்று வைத்தால் கணக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும். சரி, இரண்டாம் படியில் உங்களுக்குக் கிடைத்த காலத்தை இதோடு ஒப்பிடுங்கள். ஃபைபர் வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும் என்றால் போடலாம். ஒன்றரை ஆண்டில் வருகிறது, தோண்ட அனுமதியும் வாங்கியாயிற்று என்றால் அந்த டவரை விட்டுவிட்டு அடுத்த கவுண்டியைப் பாருங்கள். கணக்கு இவ்வளவுதான், ஆனால் ஒரு நல்ல உயரமான களஞ்சியம் கண்ணில் பட்டுவிட்டால் இதைப் போடாமலே ஏறிவிடுகிற ஆட்களைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

சொந்தமாக டவர் கட்டுவதைக் கடைசி வழியாக வையுங்கள். களஞ்சியம், தண்ணீர்த் தொட்டி, சைலோ, மலைமேல் இருக்கும் ஒரு விவசாயியின் கொட்டகை, இவற்றில் இலவச இணையத்துக்குப் பதிலாக இடம் கிடைக்கும். வாய்ப்பேச்சில் விடாதீர்கள், ஒரு பக்கமாவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். களஞ்சியம் கைமாறினால் புதிய முதலாளிக்கு உங்கள் ஏணியும் ரேடியோவும் குப்பைதான். சொந்த டவரே வேண்டுமென்றால், 200 அடிக்கு மேல் போனால் விமானப் போக்குவரத்துத் துறைக்கு அறிவித்து எஃப்சிசியிலும் பதிய வேண்டும், விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் அதைவிடக் குறைந்த உயரத்துக்கும் இது பொருந்தும். இன்னொரு நல்ல செய்தி: 2021 முதல், கூரை ஆண்டெனாவைத் தடுக்கக் கூடாது என்ற எஃப்சிசியின் ஒடார்ட் விதி வாடிக்கையாளரின் சின்ன டிஷ்ஷுக்கு மட்டுமல்ல, அவர் வீட்டுக் கூரையிலிருந்து பக்கத்து வீடுகளுக்கு அனுப்பும் ரிலே ஆண்டெனாவுக்கும் பாதுகாப்புத் தருகிறது. வீட்டுச் சங்கம் 'கூரையில் எதுவும் கூடாது' என்று சொன்னால் இந்த விதியைக் காட்டலாம்.

டவர் ஏறத் தெரியாவிட்டால் ஏறாதீர்கள். பயிற்சி பெற்ற ஆளைக் கூலிக்கு வையுங்கள், காப்பீடு எடுங்கள்.

நான்காம் படி: அலைக்கற்றை

மரம் இல்லாத சமவெளி என்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ் போதும். லைசென்ஸ் வேண்டாம், ஒரு டவரிலிருந்து பல வீடுகளுக்கு அனுப்பும்போது 4 வாட் என்ற உச்சவரம்பு உண்டு. எல்லாரும் இதிலேயே இருப்பதால் இரைச்சல் அதிகம். 6 ஜிகாஹெர்ட்ஸில் 850 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு வெளிப்புறத்தில் இதே சக்தியோடு பயன்படுத்தலாம், ஆனால் ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு இடையூறு வராத அலைவரிசையைச் சொல்லும் ஏஎஃப்சி என்ற தானியங்கி அமைப்பைக் கேட்டுவிட்டுத்தான், அந்த அமைப்புகளுக்கு 2024 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. மரம் அடர்ந்த இடத்தில் இரண்டுமே தடுமாறும். அங்கே 3.5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் சிபிஆர்எஸ் என்ற பகிர்வு அலைக்கற்றை பரவாயில்லை. மொத்தம் 150 மெகாஹெர்ட்ஸ், அதில் முன்னுரிமை லைசென்ஸ்கள் 2020இல் ஏலம் போய்ப் பெரிய கம்பெனிகள் நிறைய அள்ளிக்கொண்டன. மிச்சத்தைப் பொது அணுகல் முறையில் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம், ரேடியோ, அலைவரிசையைப் பங்கிடும் சாஸ் என்ற சர்வரிடம் அனுமதி கேட்டபடி இருக்க வேண்டும், டவரில் வைக்கும் சக்திவாய்ந்த ரேடியோவைச் சான்றிதழ் பெற்ற நிறுவுநர்தான் பதிய வேண்டும். ஊருக்குள் நெருக்கமான வீடுகளுக்கு 60 ஜிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம் தரும், மழை வந்தால் தூரம் சுருங்கும்.

எந்த அலைவரிசை என்பது வெறும் ரேடியோ விஷயம் இல்லை. பீட் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, லைசென்ஸ் இல்லாத அலைக்கற்றை மட்டும் வைத்துத் தரும் சேவை 'நம்பகமானது' என்ற கணக்கிலேயே வராது. அதாவது நீங்கள் 5 ஜிகாஹெர்ட்ஸில் 200 எம்பிபிஎஸ் கொடுத்தாலும் அந்த வீடு சேவை இல்லாத வீடுதான், அதே வீட்டுக்கு வேறொருவர் மானிய ஃபைபர் போடலாம். பல சின்ன நிறுவனங்களைக் கோபப்படுத்தியது இந்த ஒரு வரிதான், கோபம் நியாயமும்கூட. 2025 மாற்றத்தில், உரிய ஆதாரம் காட்டினால் இந்தச் சேவையையும் கணக்கில் எடுக்க வழி வந்தது. ஆனால் பதில் சொல்ல ஏழு நாள்தான் கொடுத்தார்கள். ஆதாரத்தை முன்பே அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அந்த ஏழு நாள் போதுமாக இருந்தது.

ஐந்தாம் படி: மேலிருந்து வரும் இணையம்

உங்களுக்கு மொத்தமாக இணையம் விற்பவரே பல ஊர்களில் உங்கள் போட்டியாளராகவும் இருப்பார், உள்ளூர் டெலிபோன் கம்பெனி. அவரிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். 30, 40 மைல் தள்ளி ஒரு டேட்டா சென்டரில் விலை பாதியாக இருந்தால், 11 ஜிகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் வாங்கி, தேவைப்பட்டால் நடுவில் ஒரு டவர் வைத்து இரண்டு தாவலாக, சொந்த மைக்ரோவேவ் பாதை போடும் செலவு கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். ஐபி முகவரி விஷயத்தில், அமெரிக்காவில் புதிய ஐபிவி4 முகவரிகளின் இருப்பு 2015 செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டது. முதல் நாளே அடுத்த தலைமுறை முகவரியான ஐபிவி6 போட்டு, ஓர் ஐபிவி4 முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிரும் முறையில் ஓட்டுங்கள்.

ஆறாம் படி: கணக்குத் தாக்கல், அப்புறம் எதிர்ப்பு மனு

வருடத்துக்கு இரண்டு முறை எஃப்சிசிக்குச் சேவை விவரம் தர வேண்டும். ஜூன் 30 நிலவரத்துக்குக் கெடு செப்டம்பர் 1, டிசம்பர் 31 நிலவரத்துக்குக் கெடு மார்ச் 1. சலிப்பான வேலை. தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் சான்று கொடுக்க வேண்டும், கூலி ஆகும். ஆனாலும் ஒரு புதிய ரேடியோ வாங்குவதைத் தள்ளிப்போட்டாவது இதைச் சரியாகச் செய்யுங்கள், காரணம் முன்பே சொன்னதுதான்: உங்கள் இடத்தின் மேல் அரசுப் பணம் விழுமா விழாதா என்று முடிவாவது இந்தக் கோப்பில்.

ஒரு வீட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், கேட்ட 10 வேலை நாளுக்குள் வழக்கமான கட்டணத்தில் இணைப்புக் கொடுக்க உங்களால் முடிய வேண்டும். ஆண்டெனாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எல்லாரையும் சேர்த்துவிடாதீர்கள். 2019இல் எஃப்சிசி தன் வரைவு அறிக்கையையே திருத்த வேண்டி வந்தது, காரணம் ஒரு சின்ன நிறுவனம் எட்டு மாநிலங்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சேவை தருவதாகப் படிவத்தில் எழுதியிருந்தது. அந்த அவப்பெயர் இந்தத் துறை முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. மரம் மறைக்கும் வீடுகளை நீங்களே வெளியே எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் வீடுகளுக்கு உங்கள் பேச்சு எடுபடும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாதம் ஒரு முறை வேகச் சோதனை, சிக்னல் அளவு, இணைத்த தேதி, இணைக்க முடியாமல் திரும்பிய வீடுகளின் பட்டியல், இவற்றை ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். மானிய விண்ணப்பம் ஒன்று உங்கள் பகுதிக்கு வந்தால் எதிர்ப்பு மனு போடக் கிடைக்கும் நாள்கள் குறைவு. அதே வேகத்தில், வேறு கம்பெனி பொய்யாகக் காட்டும் சேவைக்கு எதிராகவும் எஃப்சிசி வரைபடத்தில் மனுப் போடலாம், அந்தக் கம்பெனி 60 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

இதர காகித வேலைகள்: எஃப்சிசி பதிவு எண், உணவுப் பொட்டலத்தில் இருப்பது போன்ற விவரச் சீட்டு ஒவ்வொரு பிளானுக்கும் (சின்ன நிறுவனங்களுக்கும் 2024 அக்டோபர் 10 முதல் கட்டாயம்), சட்டப்படியான கண்காணிப்புக்கு ஒத்துழைக்கும் ஏற்பாடு. விஸ்பா என்ற தொழில் சங்கத்தில் சேர்ந்தால் இவற்றுக்கு மாதிரிப் படிவங்களும் அனுபவசாலிகளின் காதும் கிடைக்கும்.

ஏழாம் படி: நாமே மானியம் வாங்கினால் என்ன?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பீட் விதிப்படி பொதுவாகத் திட்டச் செலவில் குறைந்தது கால் பங்கு உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதற்கு மேல் வங்கி உத்தரவாதக் கடிதம். 2023 நவம்பரில் இதற்குப் பதிலாக செயல்திறன் பத்திரம் போன்ற மாற்று வழிகளை அனுமதித்தார்கள், அதுவும் இலவசம் இல்லை. சுற்றுச்சூழல் ஆய்வு, தணிக்கை, பல ஆண்டுப் பொறுப்பு. கிடைத்த மானியம் பொதுவாக வருமானமாகக் கருதப்பட்டு வரியும் உண்டு, இதைக் கேட்டு முகம் மாறாதவர் குறைவு. 150 வாடிக்கையாளரை வைத்து ஓடும் இருவர் நிறுவனத்துக்கு, கூட்டரசு மானியம் சொந்தத் தொழிலை நிறுத்திவிட்டுக் கணக்கெழுதும் வேலையாக மாறிவிடும் என்பது என் கணிப்பு. கவுண்டி அளவிலான சின்ன மானியங்கள், ஒரு டவருக்கான செலவு, பள்ளிக்கூட இணைப்பு, இவை பரவாயில்லை.

எதுவாக இருந்தாலும் மானியத்தை நம்பி வியாபாரத் திட்டம் எழுதாதீர்கள். ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் கொடுத்த ஏசிபி உதவி 2024 ஜூன் 1இல் பணம் தீர்ந்து நின்றது. அதை நம்பி வாடிக்கையாளர் சேர்த்தவர்கள் ஒரே மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

எட்டாம் படி: பெரியவர் வந்துவிட்டார்

டி-மொபைல் 2021 ஏப்ரலில் வீட்டு இணையத்தை நாடு முழுக்க விற்கத் தொடங்கியது, வெரைசனும் இதே தொழிலில் இருக்கிறது. விலையில் அவர்களோடு மோதாதீர்கள், முடியாது. அவர்களுடைய பலவீனம் டவரின் கொள்ளளவு: ஒரு செக்டரில் (டவரின் ஒரு திசைப் பகுதி) இத்தனை வீடு என்று நிறுத்திவிடுவார்கள், நெரிசல் நேரத்தில் கைபேசிகளுக்குத்தான் முதலிடம். மாலை எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு திக்காமல் போவதுதான் நீங்கள் விற்கும் பொருள். அதற்கு எஃப்கியூ-கோடெல் அல்லது கேக் என்ற முறையில் தரவு வரிசையைச் சீராக்கும் ஒரு பெட்டியைப் பிணையத்தின் நடுவில் வையுங்கள். லிப்ரேகியூஓஎஸ் என்ற திறமூல மென்பொருள் இதைச் சாதாரண சர்வரிலேயே செய்யும், புதிய ரேடியோ வாங்காமலே புகார்கள் பாதியாகும் வாய்ப்பு உண்டு. அப்புறம், போன் அடித்தால் மனிதர் எடுக்க வேண்டும். பண்ணை, கால்நடை மருத்துவமனை, ஊராட்சி அலுவலகம் போன்ற தொழில் வாடிக்கையாளர்களை முதலிலேயே ஒப்பந்தத்தில் சேருங்கள், அவர்கள் 20 டாலர் வித்தியாசத்துக்காக ஓடமாட்டார்கள்.

ஃபைபரே வந்துவிட்டால்? ஒரு பகுதி வாடிக்கையாளர் போவார், அது நடக்கும். அங்கே புதிய ரேடியோ போடுவதை உடனே நிறுத்துங்கள். போனவர்களின் வீட்டு ரேடியோவைக் கழற்றி வந்து சோதித்து அடுத்த கவுண்டியில் மாட்டுங்கள், புதைத்த கண்ணாடி இழையை யாராலும் அப்படி எடுத்துப்போக முடியாது. கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தால் வீடுகள் நெருங்கிய ஒரு தெருவில் நீங்களும் ஃபைபர் போட்டுப் பாருங்கள். பல பழைய விஸ்ப்கள் அப்படித்தான் ஊருக்குள் ஃபைபர், வெளியே வயர்லெஸ் என்று மாறியிருக்கின்றன. மின்கம்பத்தில் கட்டலாம் என்று நினைத்தால் முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள்: கம்பத்தைப் பயன்படுத்தும் கூட்டரசு உரிமை டெலிகாம், கேபிள் நிறுவனங்களுக்கானது, வெறும் இணையம் மட்டும் விற்பவருக்கு அது கிடைக்காமல் போகலாம். கிராமத்தில் கம்பங்களை வைத்திருக்கும் மின் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அவர்களோடு நேராகப் பேசித்தான் வாடகை முடிவு செய்ய வேண்டும், பேசும் முன் அந்தச் சங்கமே ஃபைபர் போடும் திட்டத்தில் இருக்கிறதா என்று அதன் கூட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போங்கள்.